கன்னியப்பன் முறைநாளில் நெட் கிடையாது

கூரைமேல் ஏறி சாட்டிலைட் டிஷ் மாட்டுவது சுலபம். கீழே இறங்கி அதை விளக்கப்போனால்தான் நம்ம பிழைப்பு நாறிப்போகும். வீடு வீடாகப் போய் எதையாவது மாட்டிவிட்டு வரும் சக பாவிகளே, கேளுங்கள்.

வாய்க்கொழுப்பு

செஞ்சியிலிருந்து வல்லம் பக்கம் ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மலை மறைத்து அங்கே போனில் டவரே எடுக்காது. அவர் மகள் சுகன்யாவுக்கு வீடியோவில் வேலை இன்டர்வியூ, அதற்காகத்தான் கனெக்‌ஷன்.

"மேல அத்தனை கம்பெனி சாட்டிலைட் சுத்துதே, ஒண்ணோட ஒண்ணு சண்டை வராதா?" என்றார். மாட்டினோமா, வந்தோமா என்று இருந்திருக்கலாம். "ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்குவாங்கண்ணே, உங்க கெணறு மாதிரி" என்றேன். அந்தக் கிணறு அவருக்கும் தம்பி கன்னியப்பனுக்கும் பொது. ஒருநாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"இவ்ளோதானா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

ஒருநாள் விட்டு ஒருநாள்

"அண்ணா, நெட் ஒருநாள் வருது, மறுநாள் வரமாட்டேங்குது. இன்டர்வியூ வேற நாளைக்கு" என்று சுகன்யா வாட்ஸ்அப்பில் புலம்பினாள். மறுநாள் காலையிலேயே போய் டிஷ்ஷைத் திருப்பினேன், ஒயரை மாற்றினேன், வேப்பங்கிளையைக்கூட வெட்டினேன். இறங்கி வந்து பார்த்தால், அட கடவுளே, பிளக் பிடுங்கிக் கிடக்கிறது!

ஏழுமலை அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "இன்னிக்குக் கன்னியப்பன் முறை தம்பி. அவன் பங்க நாம இழுத்தா நல்லாவா இருக்குது?"

வரப்பில் ஓட்டம்

புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு சுகன்யா லேப்டாப் முன்னால் அழுதுகொண்டிருந்தாள். "தம்பி வீட்டுல டிஷ்ஷே இல்லண்ணே! மேல சாட்டிலைட்டுங்களே பிரிச்சுக்கும், உங்க சண்டை அதுங்களுக்குத் தெரியாது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மனுஷன் அசையவில்லை. "முறை தவறிட்டேன்னு நாளைக்கு அவன் பேசக்கூடாது" என்று பிளக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

வேறு வழி? வரப்பில் விழுந்தடித்து ஓடினேன். கன்னியப்பன் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், களை வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பை நிமிர்த்தி வானத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். அங்கே தனக்கும் பங்கு இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"அண்ணன் மவ வேலைக்கு நான் குறுக்க நிப்பனா? எடுத்துக்கச் சொல்லு. ஆனா நாளைக்குக் கெணத்துத் தண்ணி எனக்கு!"

சுகன்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது; கம்பெனிகளுக்குள் என்ன ஒப்பந்தமோ எனக்குத் தெரியாது, எங்க பக்கம் ஒருநாள் ஆகாயத்துக்கு விலை ஒருநாள் தண்ணி.