மீசையைக் கழற்றிய மேடை

ஹைதராபாத்துக்கு வந்த அடுத்த வருடம் ஒரு சொல் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. மெட்டுகுடாவில் எங்களுக்கு வீடு கொடுத்த தெலுங்கு அம்மாவிடம், என்னோடு தங்கப்போகும் பத்மா எனக்கு யார் என்பதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் கையமர்த்தி, "அவசரம் லேதம்மா" என்றார். மெதுவாகச் சொல் என்கிறார் என்றெண்ணி, படியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் படபடத்தேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை என்று பிறகு பத்மாதான் சிரித்தபடி விளக்கினாள். சொல்லத் தேவையில்லை என்றிருக்கிறார். அது பெருந்தன்மையா, தெரிந்துகொள்ள விருப்பமில்லையா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

கரூரில் கல்லூரி நாடகங்களில் எனக்கு எப்போதும் ஆண் வேடம்தான். மீசை வைத்து நான் ஒரு பெண்ணின் கையைப் பிடித்தால் அரங்கமே கைதட்டும். முன்வரிசையில் அம்மாவும் தட்டுவார். வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகு அதே ஆசைக்குப் பேர்கூடக் கிடையாது. மென்பொருள் வேலை கிடைத்ததும் ஓடிவந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே நாடகங்களுக்கு விளக்கு போடும் வாரங்கல்காரி பத்மாவைச் சந்தித்தேன்.

திருமுல்கேரியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு விழாவில் தனிநடிப்புக்கு அழைத்தார்கள். நகைச்சுவையாக மாப்பிள்ளை வேடம் கட்டினேன். கடைசியில் மீசையைப் பிய்த்து எடுத்து, "நான் பொம்பளதான். பொம்பளையைத்தான் விரும்புறேன்" என்றேன். இந்த ஊர்த் தமிழ் மேடையில் அதை யாரும் அதற்கு முன் சொன்னதில்லை என்று பிறகு சொன்னார்கள். பாதிப் பேர் எழுந்து போனார்கள். தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் விழாக் குழுச் செயலாளர் பக்கத்தில் வந்து, "இதெல்லாம் கைக்கும்மா? ஃபேமிலியோட வந்திருக்காங்க. நம்மளுக்கு நக்கோ" என்றார். இதெல்லாம் எதற்கு, நமக்கு வேண்டாம் என்று ஊர் உருது கலந்த தமிழில். வாசலில் ஒரு கல்லூரிப் பெண் காத்திருந்தாள். "ஆன்ட்டி, எனக்குத் தமிழ் ஃபுல்லா ராது. லாஸ்ட் லைன் புரிஞ்சுது." சொல்லிவிட்டு அழுதாள்.

அவளுக்காகத்தான் சனத்நகரில் மூடிக்கிடந்த ஒரு பட்டறையை வாடகைக்குப் பிடித்து, ஞாயிறுதோறும் கூட ஆரம்பித்தோம். முதலில் நான்கு பெண்கள். பிறகு உட்காரப் பாய் போதவில்லை. வீட்டில் அடைத்துவைக்கப்பட்டவர்களுக்காகக் காவல் நிலையங்களில் நின்றோம். முகமூடியில்லாமல் ஊர்வலம் போனோம்.

அந்த நடிப்பின் வீடியோ கரூருக்கும் போய்ச் சேர்ந்தது. அம்மா இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. போன மாதம் கரூரிலேயே நடிக்க அழைப்பு வந்தபோது, நானே போன் செய்து சொன்னேன்.

"வந்தா தனியா வா" என்றார்.

பத்மாவோடுதான் போனேன். விளக்கை அவள்தான் போட்டாள். மீசையைக் கழற்றும்போது கடைசி வரிசையில் அம்மா தெரிந்தார். கைதட்டவில்லை, எழுந்தும் போகவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்குப் போனேன். பத்மாவையும் கூட்டிவரலாமா என்று கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "தோசை ஆறுது" என்றார்.

தட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"உக்காந்து சாப்பிடேன்டி."

"இருக்கட்டும்மா."

தரையில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே தெரியாது. நின்றால்தான் தெருமுனை டீக்கடை பெஞ்சில், என் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பத்மா தெரிந்தாள். நின்றபடியே சாப்பிட்டேன்.