பன்னிரண்டில் நின்ற ஆட்டம்

மாலை ஐந்தே கால் மணிக்கு அப்பாவின் கையிலிருந்த இரும்புக் குண்டு அவர் காலடியிலேயே நழுவி விழுந்தது. புதுச்சேரியின் சாரம் பகுதியில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் திடலில், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெத்தாங் ஆட்டம். சின்ன மரக்குண்டுக்கு அருகில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டை வீச வேண்டும். பதிமூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. அப்பாவின் அணி பன்னிரண்டில் இருந்தது. குண்டை எடுக்கக் குனிந்தவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உடம்பு அனலாய்க் கொதித்தது. ஃப்ளூ காய்ச்சல் நுரையீரலில் இறங்கி, ஆக்சிஜன் வைத்துத்தான் மீட்டார்கள். அவர் மடியில் சாய்ந்தே வீட்டுப்பாடம் எழுதும் என் மகளுக்கும் அது தொற்றியது. அவளுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் ஒருவர் மூச்சையும் வீட்டில் ஒருத்தி மூச்சையும் கேட்டபடி அலைந்த அந்த நாட்கள் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. யாராவது இருமினால் இப்போதும் கைவேலை நின்றுவிடுகிறது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு, எங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அக்கா, பெரியவர்கள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா மசியவில்லை.

"வந்துட்டு போன காய்ச்சலுக்கு இனிமே எதுக்கும்மா ஊசி?"

அந்தக் கிருமி வருஷா வருஷம் உருமாறும் என்று அக்கா விளக்கியதும், ஊசி போட்டால் கை வலிக்கும், ஆட முடியாது என்றார். அவர் குண்டைத் தொட்டே ஒரு வருடம் ஆகியிருந்தது. நாலு பேர் பார்க்க மறுபடியும் நழுவவிட்டுவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. அதை நான்தான் அக்காவிடம் வாசலில் வைத்து மெல்லச் சொன்னேன்.

அக்காவும் ஒரு தப்புச் செய்தார். வெயில் தாழட்டும் என்று முகாமை மாலை ஐந்து மணிக்கு வைத்துவிட்டார். அது பெத்தாங் நேரம். ஒரு பெரியவரும் வரவில்லை. "எங்க வூட்டுக்காரரே அங்கதான் நிக்கிறாரு. நான் யாரப் போய் கோச்சிக்கிறது?" என்று சிரித்தார். மறுநாள் நர்சை அழைத்துக்கொண்டு, ஐஸ் வைத்த மருந்துப் பெட்டியோடு திடலுக்கே போய்விட்டார். பதிமூன்று ஆகும்வரை அங்கே யாரும் நகர மாட்டார்கள். இருவரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, நல்ல வீச்சுக்கெல்லாம் கைதட்டி, ஆட்டம் முடிந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார்களாம்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே அப்பாவின் ஆட்டக் கூட்டாளி, அப்பாவைப் பிரெஞ்சுப் பாணியில் 'முசியே' என்றே கூப்பிடும் ஓய்வுபெற்ற தபால்காரர். இடது சட்டைக் கை மேலே சுருட்டியிருந்தது, தோளில் பஞ்சு. வலது கையில், அன்று மண்ணில் விழுந்த அதே குண்டு. துருவேறாமல் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்திருக்கிறார். அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் தாமாகவே அதைச் சுற்றி மூடிக்கொண்டன.

இன்று அந்தக் குண்டு என் மகளின் பள்ளிப் பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாலையானால் அங்கே இருப்பதில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம், அன்று வாசலில் நின்று தபால்காரர் அப்பாவிடம் சொன்னது காதில் விழுகிறது.

"எடது கையிலதான் குத்துறாங்க முசியே, சாக்கு சொல்லாத. அன்னிக்கி பன்னெண்டுல வுட்டுட்டு போயிட்ட. திடல்ல நர்ஸம்மா இன்னும் உக்காந்திருக்குது. குத்திக்கிட்டு வந்து உன் குண்டப் போடு."