நான் தீவாந்தரம் போய் வந்த கதை

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை. மெட்ராஸில் கல்லூரிப் பரீட்சை முடிந்த கையோடு நான் கப்பலேறி அந்தமானுக்குப் போனேன். எனக்குச் சொந்த ஊர் ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டு. எனக்குத் தெரிந்து அதற்கு முன் எங்கள் ஊரில் யாரும் கப்பலில் கால் வைத்ததில்லை. சும்மா வேடிக்கை பார்க்கவும் போகவில்லை. பாடப் போனேன்.

எங்கள் கல்லூரிப் பாட்டுக்குழுவில் ஒன்பது பேர். வாத்தியம் எதுவும் கிடையாது. இதை நாங்கள் ஒரு கொள்கையாக ஆரம்பிக்கவில்லை. ஆண்டு விழாவுக்குச் சில நாள் முன்பு கல்லூரி ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது. புதிது வாங்க நிர்வாகம் சம்மதிக்கவில்லை. குழுவைக் கவனித்துக்கொண்ட வேதியியல் பேராசிரியர், பெட்டி செய்கிற வேலையை வாயாலேயே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒருவன் தம்பூரா மாதிரி ‘ம்ம்ம்’ என்று சுருதி பிடிப்பான். ஒருவன் நாக்கைச் சுழற்றித் தபேலா வாசிப்பான். மற்ற ஏழு பேரும் மேலும் கீழுமாகப் பிரிந்து பாடுவோம். ஆண்டு விழாவில் விழுந்த கைதட்டலில் பெட்டியை எல்லோரும் மறந்துபோனார்கள்.

அந்தப் பேராசிரியரின் உறவினர் ஒருவர் போர்ட் பிளேரில் வேலை பார்த்தார். அவர் மூலமாக அங்கிருந்த தமிழர்கள் எங்களை அழைத்தார்கள். செய்தி வந்த நாள் ராத்திரி விடுதியில் ஒருவரும் தூங்கவில்லை.

கப்பலில் முதல் நாள் எல்லோருக்கும் வாந்தி. சுருதி பிடிப்பவன் மட்டும் ஒரு கையில் வாளியைப் பிடித்துக்கொண்டு, இடையிடையே ‘ம்ம்ம்’ என்று சரிபார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் விழித்தபோது வயிறு அடங்கியிருந்தது. மேல்தளத்துக்கு ஓடினோம். நான்கு பக்கமும் கடல். சாம்பலும் இல்லாத பச்சையும் இல்லாத ஒரு நீலம், மைக்கூட்டைக் கவிழ்த்ததுபோல. கைவிரல் நீள மீன்கள் தண்ணீரிலிருந்து எழுந்து சிட்டுக்குருவிக் கூட்டம்போலப் பறந்துபோய் மறுபடி விழுந்தன. மீன் பறப்பதை வடக்குப்பட்டில் சொன்னால் யார் நம்புவார்கள் என்று நான் அப்போது யோசித்தது நினைவிருக்கிறது. ஊரில் நம்பாமல் போகவிருந்தது மீனை அல்ல.

நான்காம் நாள் காலை தீவு தெரிந்தது. மலையிலிருந்து காடு நேரே இறங்கித் தண்ணீரில் கால் வைத்திருந்தது. மேட்டில் தகரக் கூரைகள். துறைமுக மேடையில் எங்களுக்காகக் காத்திருந்தவர்கள் மாலைகளைக் கழுத்தில் போட்டுவிட்டு, எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பெட்டி, தபேலா எல்லாம் சாமான் அறையிலிருந்து இறக்கணுமா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நிகழ்ச்சி ஒரு தகரக் கொட்டகையில். மூன்றாவது பாட்டின்போது மழை பிடித்தது. அப்படி ஒரு மழையை நான் அதுவரை கேட்டதில்லை. அது பெய்ததாகவே தெரியவில்லை, மேலிருந்து யாரோ சரளைக் கல்லை லாரியோடு கவிழ்த்ததுபோல இருந்தது. எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. நிறுத்திவிடலாமா என்று, எங்களோடு வந்திருந்த பேராசிரியரைப் பார்த்தோம். அவர் கையைக் காட்டினார், ‘ஏத்து’ என்று. தொண்டை நரம்பு புடைக்கப் பாடினோம். முன்வரிசைக்காரர்கள் எழுந்து மேடையை ஒட்டி வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அடுத்த வரிசை. கடைசியில் கொட்டகை முழுக்க எங்களைச் சுற்றி நின்று, பல்லவி வரும்போதெல்லாம் சேர்ந்து பாடியது. மழை ஓய்ந்தபோது பாட்டு மட்டும் மிச்சமிருந்தது. அன்றைக்கு எங்களைக் கீழே இறங்கவே விடவில்லை. அடுத்த கப்பல் வரும்வரை பள்ளிக்கூடம், மரக்கிடங்கு, துறைமுக மேடை என்று கூப்பிட்ட இடமெல்லாம் பாடினோம்.

கிளம்புவதற்கு முன்பு உள்ளூர் ஸ்டூடியோக்காரர் ஒருவர் எங்களை நிறுத்திப் போட்டோ எடுத்துக் கொடுத்தார். அந்த ஊரில் பேர்போன கட்டடம் பழைய ஜெயில்தான் என்பதால் அதன் வாசலில் நிற்கவைத்தார். அந்தப் போட்டோவை நான் சட்டைக்குள் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். அப்பாவுக்குப் போட்ட கடிதமும் நான் வந்த கப்பலில்தான் வந்திருக்கிறது. அது என்னைவிட இரண்டு நாள் தாமதமாக வீடு வந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஊருக்குள் நுழைந்தபோது, எதிரே வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி, எப்போ விட்டாங்க என்று கேட்டார். கப்பலிலிருந்து இறக்கிவிட்டதைக் கேட்கிறார் என்று நினைத்து, காலையில்தான் என்றேன். அவர் அனுதாபமாகத் தலையை ஆட்டினார்.

வீட்டில் அடுப்பெரிந்ததே தவிர யாரும் சத்தமாகப் பேசவில்லை. விஷயத்தை என் தங்கைதான் சொன்னாள்.

நான் கிளம்புவதற்கு முன்பே அவளுக்கு வல்லம் வடகாலில் ஒரு இடம் முடிவாகி, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஸ்ரீபெரும்புதூர் அரிசி மில்லில் வேலை. அதற்கு முன் வந்த இரண்டு இடங்களுக்கு வாயே திறக்காதவள், இதற்கு மட்டும் அம்மாவிடம் தானே போய்ச் சரி என்றாள். நான் திரும்பியதும் நிச்சயதார்த்தம் என்று பேச்சு. இப்போது அந்த வீட்டின் பெரியவர், மாப்பிள்ளையின் பெரியப்பா, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெண்ணின் அண்ணன் தீவாந்தரம் போயிருக்கிறானாம்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் கொலைக் குற்றவாளிகளைக் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பும் தண்டனைக்குப் பேர் தீவாந்தரம். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தமான் என்றால் அது ஒன்றுதான்.

பிற்பாடு நான் அந்த வதந்தி வந்த வழியே நடந்து ஒவ்வொருவராக விசாரித்தேன். அப்பா வல்லம் டீக்கடையில், பையன் தீவுக்குப் பாடப் போயிருக்கான் என்று சொல்லியிருக்கிறார். டீ குடித்துக்கொண்டிருந்தவர் பென்னலூரில், தீவுக்கு அனுப்பிட்டாங்களாம் என்றார். ‘பாட’ என்ற வார்த்தை அங்கேயே உதிர்ந்துவிட்டது. பென்னலூரிலிருந்து மூட்டையோடு அரிசி மில்லுக்குப் போனவர் தீவாந்தரம் என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் சுருக்கிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அப்பா போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதுதான் காரியத்தையே கெடுத்தது. பாடறதுக்கா கப்பல்ல இட்டுகினு போவாங்க என்று பெரியப்பா கேட்டாராம். யார் பெட்டி வாசிச்சது என்று கேட்டதற்கு, பெட்டி இல்லை என்றாராம் அப்பா. தபேலா? அதுவும் இல்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாராம். பொய்யைச் சொல்வதென்றால் ஒரு ஆர்மோனியமாவது வைத்துச் சொல்லக்கூடாதா என்பது அவர் கட்சி.

நான் போட்டோவை எடுத்தேன். இதோ அத்தாட்சி என்று சொல்லி முடிப்பதற்குள், வீட்டுக்கு வந்திருந்த என் தாய்மாமா அதை வாங்கிக்கொண்டு சைக்கிளில் வல்லத்துக்குப் பறந்தார். ஒரு மணி நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“பெரியவர் போட்டாவைப் பாத்துட்டு இன்னா சொன்னார் தெரியுமா? சர்க்காரே போட்டா புடிச்சிக் குடுத்துகீது, இன்னும் இன்னா ரோசனைன்னு கேக்கறார்.”

அப்போதுதான் அந்தப் படம் என் கண்ணுக்கும் தெரிந்தது. குழுவின் சீருடை வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட். ஒன்பது பேரும் வெள்ளையில் வரிசையாக நிற்கிறோம். பின்னால் இரும்புக் கம்பிக் கதவு. வெயிலில் கண் கூசியதால் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஓரத்தில், கையில் குடையைத் தடிபோல ஊன்றிக்கொண்டு, காக்கி பேண்ட்டில் எங்கள் பேராசிரியர்.

படத்தைக் கேட்டதற்கு, அது எங்க கிட்டயே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்களாம். அம்மா அழ ஆரம்பித்தாள். ஆடி பிறப்பதற்குள் ஒரு முடிவு தெரியாவிட்டால் அவர்கள் வேறு பெண் பார்த்துவிடுவார்கள். தங்கை அழவில்லை.

“நீ நெசமாவே ஜெயிலுக்குப் போயிருந்தாக்கூட இவ்ளோ பேர் வந்து விசாரிச்சிருக்க மாட்டாங்கண்ணா,” என்றாள். பிறகு, “போட்டா பாடுமா? பாடறவங்களை இட்டாந்து அந்த வூட்டு வாசல்ல நிறுத்தேன்,” என்றாள்.

கல்லூரி திறந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சுருதி பிடிப்பவன் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து கீழே விழுந்தான். பேராசிரியர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார். வெள்ளை வேண்டாம் என்று நான் கெஞ்சியதால் ஒன்பது பேரும் ஆளுக்கொரு நிறத்தில் சட்டை போட்டு, வல்லம் நிறுத்தத்தில் திருவிழா பலூன்போல இறங்கினோம். பேராசிரியர் பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் நெல்லடிக்கும் களம். நாங்கள் போய் நிற்பதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றார். என் தங்கை வரவில்லை, வர முடியாது. அப்பா மட்டும் வந்து களத்தோரம் நின்றிருந்தார்.

முதல் பாட்டு முடிந்ததும் பெரியப்பா எழுந்தார். எங்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வைக்கோல் போருக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுருதி பிடிப்பவன் முன்னால் வந்து நின்று, “வாயைத் தொற,” என்றார். திறந்தான். உள்ளே குனிந்து பார்த்தார். களத்தில் ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து, “இன்னா இருந்தாலும் பெட்டி இல்லாம எவன்யா பாடுவான்?” என்றார்.

இரண்டாவதாக நாங்கள் எடுத்தது ஒரு நடவுப் பாட்டு. எங்கள் கழனியில் கேட்டு வளர்ந்ததை நான் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்து, பேராசிரியர் ஒன்பது குரலுக்குப் பிரித்திருந்தார். இரண்டு அடி போயிருக்கும். எங்களுக்குள் இல்லாத பத்தாவது குரல் ஒன்று எங்கிருந்தோ சேர்ந்தது. கதவோரம் நின்ற மாப்பிள்ளையின் அம்மா பாடிக்கொண்டிருந்தார். அவர் தொடங்கியதும் களத்தில் நின்ற மற்ற பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். தபேலாக்காரன் உற்சாகத்தில் நாக்கை விரட்டினான். தகரக் கொட்டகையில் மழையோடு பாடினோமே, அதே மாதிரி உடம்பு சிலிர்த்தது எனக்கு.

பாட்டு முடிந்தபோது அந்த அம்மாள், கணவரின் அண்ணனை நேராகப் பார்த்துப் பேசும் வழக்கமில்லாததால், தன் கணவர் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“நாங்க கழனில பாடறப்போ எந்தப் பெட்டிக்காரன் வந்து வாசிச்சான்னு உங்க அண்ணாரைக் கேளுங்க.”

களம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. மோர் கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு சொம்பு வந்தது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மழை, ஏரி என்று பேசினார். அதன் பிறகுதான் சொன்னார்:

“பசங்க வாயாலயே பாடறதெல்லாம் சரி. கல்யாணத்துக்கு மட்டும் மேளம் வெச்சிடுங்க. இல்லாங்காட்டி அதுக்கும் இன்னாவாச்சும் பேசுவானுங்க.”

அப்பாவுக்கு அது புரியச் சற்று நேரமானது. மாப்பிள்ளைக்கு உடனே புரிந்தது, தலை நிமிர்ந்தது. நான் அங்கிருந்து வடக்குப்பட்டு வரை ஓடினேன். தங்கை வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியதில் என்னால் பேச முடியவில்லை. “மேளம்,” என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம், இரட்டை மேளத்தோடு. அவர்கள் திருப்பித் தராத போட்டோ, சட்டம் போட்டு அந்த வீட்டுக் கூடத்தில் ஏறியது. வருகிறவர்களிடமெல்லாம் பெரியப்பா அதைக் காட்டி, “எங்க சம்பந்தி வூட்டுப் பையன் தீவாந்தரம் போனப்போ எடுத்தது,” என்பார், ஏதோ பட்டம் வாங்கியதுபோல. கடைசிவரை அந்த வார்த்தையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

நான் படித்து முடித்து ஒரு பத்திரிகையில் சேர்ந்தேன். மற்றவர்கள் எழுதிய செய்தியைச் சுருக்குவதுதான் பல வருஷம் என் வேலை. ஒரு வார்த்தையை அடிக்கப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், இது போனால் வல்லத்துப் பெரியப்பாவின் காதில் என்ன விழும் என்று இன்றைக்கும் ஒரு முறை கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.