கத்தரி படாத நாற்பது சதுரங்கள்

எழுபதுகளில், மடத்துத் தையல் வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி அது. நீலச் சதுரம் ஒன்று, மஞ்சள் சதுரம் ஒன்று. நல்ல பக்கம் உள்ளே வர ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போட வேண்டும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தையல். பிறகு கோட்டின்மேல் வெட்டிப் பிரித்தால், பாதி நீலம் பாதி மஞ்சளாக இரண்டு சதுரங்கள் கிடைக்கும். முக்கோணங்களை முதலிலேயே வெட்டிக்கொண்டால் சாய்வான ஓரம் இழுபட்டுக் கோணிக்கொள்ளும். எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் இந்த வழி பிடித்துப்போயிற்று.

என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போய்வரும் தோணியில் வேலை பார்த்தார். எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். பிள்ளைக்கு விரிப்பு தைக்க இடுப்பில் கட்டிப் பழசான நீலச் சாரத்தைக் கொடுத்தார். தோணி ஏறுவதற்கு முந்தின நாள் அவர் அளவு அட்டையைத் துணிமேல் வைத்துப் பிடிக்க, நான் அதையும் என் மஞ்சள் சேலையையும் சதுரங்களாக வெட்டினேன். நிறத்துக்கு நாற்பது.

அவர் போன பிறகு நாற்பது ஜோடியையும் நாலே நாளில் தைத்துவிட்டேன். வெட்டுவதற்கு உட்கார்ந்தபோது மாமியார் கத்தரியைப் பிடுங்கிக்கொண்டார். கடலுக்குப் போனவன் துணியில் அவன் கரையேறும்வரை கத்தரி படக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம்.

"தைக்கதுன்னா தச்சுக்கோ. வெட்டுதது அவன் வந்த பொறவு" என்றார்.

பின்னால் கிளம்பிய தோணிகளும் திரும்பிவிட்டன. அவருடைய தோணி கொழும்புக்கே போய்ச் சேரவில்லை என்றார்கள். பழைய முறைப்படி முக்கோணங்களை முதலிலேயே வெட்டியிருந்தால் விரிப்பு எப்போதோ முடிந்திருக்கும்.

பிள்ளை பிறந்தது. பழந்துணியில் கிடந்தது. பங்குச் சாமியார், இறந்தவர்களுக்கு வைக்கும் ஆன்ம இளைப்பாற்றிப் பூசையை அவருக்கு வைக்கலாமா என்று கேட்டபோது, "உசுரோட இருக்கவனுக்கு எதுக்குப் பூசை?" என்று மாமியார் சண்டைக்கே போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வரும். வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கிழவிக்கு ஏன் தெரியவில்லை? அந்தக் கத்தரிக்காக எத்தனை நாள் கத்தியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மாமியார் முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. நேராகப் பெட்டியைத் திறந்து துணிக்கட்டையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"மாமி, வேண்டாம்" என்றேன்.

"புள்ளைக்கு விரிக்க வேணும்லா" என்றார். "வர்ற வெள்ளிக்கிழமை அவனுக்குப் பூசை வைக்கச் சொல்லிட்டேன்ளா."

முதல் கோட்டில் கத்தரி ஓடியது. அவர் நம்பிக்கொண்டிருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் இத்தனை மாதமும் நம்பாமல் இருந்திருக்கிறேன்.

அவர் ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டார். நான் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன். நாற்பதும் முடிந்தபோது, பாதி நீலம் பாதி மஞ்சளாக எண்பது சதுரங்கள் இருந்தன.