கமிட்டி விசாரித்த தாளம்

எங்கள் சபையின் கீபோர்டில் நூறு தாளங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றைத்தான் நான் தொட்டிருக்கிறேன். பாமாலைக்கு எட்டாம் நம்பர், கீர்த்தனைக்குப் பன்னிரண்டு, கிறிஸ்துமஸ் மாதத்தில் மட்டும் முப்பத்தொன்று. மீதி எதற்கென்று யோசித்ததில்லை. எங்கள் பாத்திரக்கடையில்கூடத்தான் ஒருவரும் கேட்காத அளவில் நாலைந்து அண்டாக்கள் கிடக்கின்றன. கடை என் வீட்டுக்காரருடையது என்று போர்டு சொல்லும். காலையிலிருந்து கல்லாவில் உட்கார்ந்திருப்பது நான்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பயந்து எறும்புகள் சர்ச்சுக்குள் ஏறின. அவ்வளவு பெரிய கட்டிடத்தில் அவற்றுக்கு இடமா இல்லை? நேராகக் கீபோர்டுக்குள் போய்க் குடித்தனம் வைத்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பத்து நிமிஷம் முன்னால் நம்பர் மாற்றும் பொத்தானை அமுக்கினேன். உள்ளே போன பொத்தான் மேலே வரவில்லை. எண்கள் தலைதெறிக்க ஓடி நாற்பத்தேழில் நின்றன. அதற்குப் பிறகு குத்தியும் பார்த்தேன், ஊதியும் பார்த்தேன், அசையவில்லை.

தாளமே இல்லாமல் வாசித்திருக்கலாமே என்று பிற்பாடு ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். சொன்னவர்கள்தானே பாடுகிறவர்கள், அவர்கள் வேகம் அவர்களுக்குத் தெரியாதா? தாளம் போடாவிட்டால் எங்கள் சபை ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இறங்கி நின்று, இளைப்பாறி, அப்புறம்தான் அடுத்த வரிக்கு ஏறும். ஆகவே நாற்பத்தேழையே போட்டேன்.

முதல் பாட்டு தப்பித்தது. காணிக்கைக் கீர்த்தனையை நாங்கள் உட்கார்ந்தே பாடுவோம். அதன் இரண்டாம் சரணத்தில் ஆண்கள் பக்கம் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எழுந்தவர்கள் வலது கையை முன்னால் நீட்டினார்கள். பிறகு தங்கள் கையைத் தாங்களே பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள். நாலு வரி போனதும் மறுபடியும் எழுந்தார்கள். காணிக்கைப் பை வைத்திருந்தவர் அத்தனை நீட்டிய கைகளைக் கண்டு ஆசையாக ஓடினார். எட்டும் வெறுங்கை.

எட்டுப் பேரும் விசைத்தறிக்காரர்கள். அதில் ஒருவர் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி, சபைக் கமிட்டி உறுப்பினர், வாயைத் திறந்து பேசியதை யாரும் கேட்டதில்லை. அவரே எழுந்துவிட்டார். ஆனால் பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது என்று வாசித்துக்கொண்டே போனேன். அதற்குள் பெண்கள் பக்கமும் கெட்டுவிட்டது. முட்டுவலி என்று ஏழு வருஷமாக முழங்காலிடாத ஓர் அக்கா, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசிச் சரணத்தில் சர்ச் முழுவதும் மெதுவாக ஊசலாடியது. ஆமென் சொன்னதும் எல்லோரும் அடுத்தவரைக் குற்றம் சொல்லும் கண்ணோடு பார்த்தார்கள்.

சாயங்காலம் சென்னையிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டு, நாற்பத்தேழுக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அது ரெகே, ஜமைக்கா நாட்டுத் தாளம், கேட்டால் ஆடத் தோன்றும் என்றான். ஏன் தோன்றும் என்று கேட்டேன். தோன்றும், அவ்வளவுதான் என்றான். இதற்கா படிக்க வைத்தேன் என்று போனை வைத்தேன்.

சபைச் செயலாளர் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பென் டிரைவில் எல்லாப் பாட்டுக்கும் இசையை வாங்கி வைத்துக்கொண்டு, அதை ஓட்ட ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தார். மனுஷர் வாசித்தால் தப்பு வரும், பென் டிரைவுக்குத் தப்பு தெரியாது என்பது அவர் கட்சி. இப்போது ஊரறியத் தப்பு வந்துவிட்டது. கமிட்டி கூடி என்னை விசாரிக்கும் என்று சொல்லியனுப்பினார்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று சங்கரன்கோவில் பஜாரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம் எனக்கு இருந்தது பயம். கடையில் நான் பாத்திரக்கடைக்காரர் வீட்டம்மா, வீட்டில் அம்மா. ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் ஆரம்பித்தால்தான் நூறு பேர் வாய் திறப்பார்கள், நான் இழுக்கிற இழுப்புக்கு வருவார்கள். இருபத்திரண்டு வருஷமாக எனக்கென்று இருந்தது அந்த ஒரு ஸ்டூல். அதிலிருந்து எழுப்பிவிட்டால் பிறகு நான் யார்?

விசாரணை சனிக்கிழமை காலை, சர்ச்சுக்கு அடுத்த ஹாலில். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம். அவரையும் சேர்த்து ஐந்து உறுப்பினர்கள், ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி. குற்றம் தாளத்துடையதா, வாசித்தவருடையதா என்பது பொருள். அதற்குச் செயலாளர் ஒரு சோதனை வைத்திருந்தார். நான் நாற்பத்தேழைப் போட்டு ஒரு கீர்த்தனை வாசிக்க வேண்டும். ஐந்து பேரும் முட்டியில் கை வைத்து உட்கார வேண்டும். ஒருவரும் அசையாவிட்டால் தாளம் நிரபராதி, நான் குற்றவாளி.

முதல் சரணத்திலேயே மெடிக்கல் கடைக்காரரின் தலை ஆடியது. தலைதானே என்றார் அவர். தலை உடம்பில் சேர்த்தியா என்று கால் மணி நேரம் பேசி, சேர்த்தி என்று எழுதினார்கள். அடுத்த முறை, செயலாளரின் கட்டைவிரல் செருப்புக்குள் ஆடுவதை ஐயர் கண்டுபிடித்துவிட்டார். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றியதும் மற்ற விரல்களும் சேர்ந்துகொண்டன. கால்விரல் ஆடுவதை நடனமாகக் கருத வேண்டியதில்லை என்று ஒரு தீர்மானம் வந்தது. முன்மொழிந்ததும் செயலாளர், எழுதியதும் செயலாளர். மெடிக்கல் கடைக்காரர் இதெல்லாம் பிரஷர் என்றார். ஹாலின் தரைதான் ஆட்டுகிறதோ என்று சந்தேகம் வந்து, நாற்காலிகளை வேப்பமரத்தடி மணலுக்குக் கொண்டுபோனார்கள். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது நான். மணலில் ஐந்து நாற்காலிகளின் கால்களும் தாளம் பிசகாமல் புதைந்தன.

தறி அண்ணாச்சியின் வலது கை மட்டும் ஒவ்வொரு முறையும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் அதை இடது கையால் பிடித்து மடியில் வைப்பார். அது மறுபடியும் போகும். மூன்றாவது கீர்த்தனையில் அவர் தாளத்தை நிறுத்தச் சொன்னார்.

“எனக்கு இப்பம்தான் புரியுது. இந்தத் தாளத்துல மொத அடியக் காணோம் வே,” என்றார் செயலாளரிடம். “ஒண்ணு விழ வேண்டிய எடம் சும்மா கெடக்கு. தறியில அப்படி ஒரு அடி விட்டுப்போச்சுன்னா எங்கனயோ இழ அந்துட்டுன்னு அர்த்தம். எந்திரிச்சுப் போயித் தறிய நிப்பாட்டணும். முப்பது வருசமா கை அப்படியே பழகிருச்சு. இது சர்ச்சுன்னு அதுக்குத் தெரியுமா?”

செயலாளர் விடவில்லை. தன் வீட்டில் யாரும் தறி ஓட்டியதில்லை, பிறகு தன் கட்டைவிரல் ஏன் ஆட வேண்டும் என்று கேட்டார்.

“ஒமக்கும் அதே கததான். வர வேண்டியது வரலன்னா உடம்பு சும்மா இருக்குமா? சரி, நாமளே போட்டுருவோம்னு கால் கெளம்பிருது. அதத்தான் ஆட்டங்கிறாங்க போல.”

நான் மறுபடியும் தாளத்தைப் போட, ஐயர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார். இரண்டிலும் நான்கிலும் சிக் சிக்கென்று கேட்டது, மூன்றில் தும்மென்று விழுந்தது. ஒன்றில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் ஐந்து நாற்காலிகளும் கிறீச்சிட்டன. என் மகனுக்குத் தெரியாதது தறி அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. செயலாளர் மினிட் புத்தகத்தில் எழுதினார்: ‘தாளத்தில் முதல் அடி காணவில்லை. எடுத்தவர் யாரெனத் தெரியவில்லை.’

நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த தீர்மானத்தை அவர் தயாராக வைத்திருந்தார். கீபோர்டு ரிப்பேராகி வரும்வரை பென் டிரைவ். வந்த பிறகு பென் டிரைவே தொடரலாமா என்பது அப்போது பரிசீலிக்கப்படும்.

“ஒங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்லா, தங்கச்சி,” என்றார்.

ஒரு டம்ளருக்குப் பத்து நிமிஷம் பேரம் பேசுகிறவர்களைக் கடையில் நான் விட்டு வைப்பதில்லை. அன்று அவரிடம் சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, தேய்த்து வைத்த பாத்திரத்தையெல்லாம் திரும்பவும் தேய்த்தேன்.

மறுநாள் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதில்லை, கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். பென் டிரைவ் பிரமாதமாக ஆரம்பித்தது. வயலின் என்ன, புல்லாங்குழல் என்ன! இரண்டாம் சரணத்தில் அது ஒரு வரி முன்னால் போனது. மூன்றாம் சரணத்தில் சபை பாதியைத் தாண்டாதபோதே பென் டிரைவ் நான்கு சரணத்தையும் வாசித்து முடித்து, மணியெல்லாம் அடித்து, ஓய்ந்தது. சபை அந்தரத்தில் நின்றது. செயலாளர் ஏதோ பொத்தானை அமுக்க, அது மறுபடியும் முதல் சரணத்தை எடுத்தது. பதறிப்போய் அதை அணைத்தார்.

வெளியே திருவேங்கடம் பஸ் போனது கேட்டது. முன்னால் இருந்த தலைகள், திங்கட்கிழமைதான் ரிப்பேருக்குப் போகவிருந்த கீபோர்டையும் காலி ஸ்டூலையும் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தன. எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் கைப்பையை பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

தாளம் எதுவும் போடவில்லை. அவர்கள் விட்ட வரியிலிருந்து எடுத்தேன். வரியின் முடிவில் வழக்கம்போல் நின்றார்கள், என் விரல்களும் நின்றன. அடுத்த வரியில் வீசிங் உள்ள போஸ்ட்மேன் மூச்சு வாங்கும் இடத்தில் என் கை அவருக்காகக் கொஞ்சம் தங்கியது. நான் தங்கச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் இவர்களை நான்தான் இழுத்துக்கொண்டு போகிறேன் என்று திமிராக இருந்தேனே, அவர்கள் நிற்கிற இடத்திலெல்லாம் என் கை எனக்குக்கூடச் சொல்லாமல் நின்று கொடுத்திருக்கிறது. கண் நிறைந்துவிட்டது. கொஞ்சம் எரிச்சலும்தான். கடைசிச் சரணத்தில் போஸ்ட்மேனுக்கு இருமல் வந்தது. அவர் இருமி முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு அடுத்த வரியை எடுத்தேன்.