கால் எட்டிய பைக்

சுதர்ஷினியின் உயரம் நாலடி பத்து. யாராவது அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் அவளுக்குக் கோபம் வராது. "கொழுந்து எடுக்கக் குனிய வேண்டியதில்ல, முதுகு வலியும் இல்ல" என்று அவளே சிரிப்பாள். புருஷன் சுரேஸ் நேர் எதிர், ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு. கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது அவன் லயத்து வரிசை வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போன ட்ரெயில் பைக்கும் அவனைப் போலவே நெட்டை. அதில் அவள் ஏறினால் இரண்டு காலும் அந்தரத்தில் ஆடும்.

அந்த பைக்குக்குத் திடீரென்று வேலை வந்தது. நமுனுகுல மலையில் அவர்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் பதினான்கு வீடுகளில் மாடு உண்டு. காலைப் பாலைக் கேன்களில் வாங்கிக் கீழே ரோட்டுக்குக் கொண்டுபோய்ப் பால் வண்டியில் சேர்த்துக்கொண்டிருந்தவர், கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பால் சங்கத்துச் செயலாளர் விஜேந்திரன் மேலே ஏறி வந்து சொன்னார். "வண்டி ஏழு மணிக்கு மேல நிக்காது. கொண்டாந்து குடுக்க ஆள் இல்லன்னா இந்த டிவிசன விட்டுற வேண்டியதுதான்."

ஆம்பிளைகளிடம் ஆளுக்கொரு சாக்கு இருந்தது. வாய் கிழியப் பேசுகிறவர்கள் முதல் ஆளாக நழுவினார்கள். சுதர்ஷினி ஆறு வருசம் கொழுந்து எடுத்தவள். விடியக்காலைப் பெரட்டில் ஆள் கணக்குக்கு நின்று, கங்காணியிடம் ஏச்சு வாங்காத ஒரு வேலை தனக்கென்று வேண்டும் என்று வெகுநாளாக மனசுக்குள் வைத்திருந்தாள். "நான் கொண்டாறேன்" என்றாள்.

ரோட்டுக்கு இறங்கும் கல்லுப் பாதையில் ஸ்கூட்டர் ஏறாது. லைசன்ஸ் அவளிடம் இருந்தது. எட்டாதது கால் மட்டும்தான். இரவு சுரேஸிடம் போனில் விசயத்தைச் சொன்னாள். பைக்கைக் குட்டையாக்கப் போகிறாள் என்றதும் எவ்வளவு குட்டை என்று இரண்டு தடவை கேட்டான்.

"சரி, செய். கழட்டுற சக்கரத்த மட்டும் தூக்கிப் போட்றாத" என்றான் கடைசியில்.

தோட்டத்து லொறியில் பைக்கை ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போனாள். பஜாருக்குப் பின்னால் ரிப்கானின் கராஜ். எல்லோருக்கும் அவர் 'நானா', அண்ணன் முறை. வாய் ஓயாமல் பேசுவார், கை அதைவிட வேகம்.

"இதுட முன்சக்கரம் இருவத்தொண்டு இன்ச்சு. பதினெட்டு போடுவம். போர்க்கும் கட்டையா மாத்துவம், தங்கச்சி." முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்களைத்தான் போர்க் என்றார். "ஆனா முன்னால மட்டும் எறக்கினா, ஒங்கட மலை எறக்கத்துல நீங்க டேங்குக்கு மேல வந்து இரிப்பீங்க. பின்னாலயும் எறக்கணும். ஸ்டாண்டையும் வெட்டணும், இல்லாட்டி நிப்பாட்டினா மத்தப் பக்கம் சாஞ்சிரும்."

எல்லாவற்றையும் யோசித்துச் செய்தார். நாலாம் நாள் அவளைக் கூப்பிட்டு ஏற்றி உட்கார வைத்தார். சிமெந்துத் தரையில் இரண்டு காலின் முன்பாதமும் பதிந்தன. மீட்டர் மட்டும் இனி வேகத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், பயப்பட வேண்டாம் என்றார். அன்றைக்கு அந்த பைக்கை ஓட்டிக்கொண்டே அவள் ஊர் திரும்பினாள். பின்னால் கட்டிக் கொண்டுவந்த பழைய பெரிய சக்கரம் லயத்துச் சுவரில் ஏறியது.

முதல் நாள் காலை, வெறும் கேன்களோடு ஏறும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. நின்றால் ஒரு கால் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. சமாளித்துவிட்டாள். ஒன்பது வீட்டுப் பால் நிறைந்து, பத்தாவதாகப் பெரியாயி அக்கா வீட்டு முன்னால் நிறுத்தியபோது பைக் மெல்லச் சாய்ந்தது. கால் தரையைத் தேடியது, தரை கிடைக்கவில்லை. ஒரு கேன் முழுதாகக் கவிழ்ந்து, பால் பாதையோரக் கான் வாய்க்காலில் ஓடியது.

கிடந்த இடத்திலேயே அவளுக்குக் காரணம் புரிந்தது. காலில் கிடந்தது ரப்பர் செருப்பு. பதுளையில் அளந்த அன்றைக்குப் போட்டிருந்தது அடி முழுக்க ரெண்டு அங்குலம் தடித்த குதிச் செருப்பு. டவுனுக்குப் போவதென்றால் மலைநாட்டு ஆள்கள் பெட்டியில் இருப்பதிலேயே நல்லதை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். ரப்பர் செருப்போடு போனால் பஸ்ஸிலும் கடையிலும் சில பேர் கண்ணாலேயே தோட்டத்து ஆள் என்று ஒதுக்குவார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து போட்ட செருப்பு, அளவையே கெடுத்துவிட்டது.

"பால் போனாப் போகுது, கால் தப்பிச்சிச்சே" என்று பெரியாயி அக்கா கைகொடுத்துத் தூக்கினார். "நாளைக்கும் நீதான் வரணும்."

கீழே ரோட்டில் விஜேந்திரன் அவ்வளவு இளக்கம் காட்டவில்லை. "நாளைக்கு ஒரு நாள் பாப்பேன் சுதர்ஷினி. இன்னொரு தடவ கொட்டுச்சுன்னா முடியாது."

ஒரே நாளில் எங்கே போய் எதை வெட்டுவது? இதற்கு மேல் கால் வளரப் போவதுமில்லை. மத்தியானம் வாசலில் உட்கார்ந்து, அழுகையை அடக்கிக்கொண்டு எதிர் மலையைப் பார்த்தாள். சரிவில் பொம்பிளைகள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் பாரம், ஒரு கால் மேட்டில் மடிந்து, ஒரு கால் பள்ளத்தில் நீண்டு. ஆறு வருசம் அவளும் அப்படித்தான் நின்றாள். ஒரு நாளும் விழுந்ததில்லை.

எழுந்து பாதைக்கு ஓடினாள். மலையை வெட்டிப் போட்ட பாதை அது. எந்த வளைவில் நின்றாலும் ஒரு பக்கம் மேடு இருக்கும். அவள் இவ்வளவு நேரமும் நடுப்பாதையிலேயே நிறுத்திக்கொண்டிருந்தாள். கேன்களில் தண்ணீரை நிரப்பி, மேட்டோரமாக ஒதுக்கி, மேட்டுப் பக்கக் காலை அதன்மேல் வைத்து நிறுத்திப் பார்த்தாள். பைக் அசையாமல் நின்றது. பொழுது சாயும்வரை பதினான்கு வீட்டு வாசலிலும் நிறுத்திப் பழகினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

மறுநாள் ஏழு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது இரண்டு கேனும் பால் வண்டியில் ஏறின. விஜேந்திரன் மூடியைத் திறந்து பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துருங்க" என்றார். நேற்றுவரை வா போ என்றிருந்தவர்தான்.

இரண்டு வாரம் கழித்து ரிப்கானின் கராஜ் வாசலில் பைக் வந்து நின்றது. பாலை ஏற்றிவிட்டு நேரே வந்திருந்தாள். ரப்பர் செருப்பில் தோட்டத்துச் சிவப்பு மண் அப்படியே காய்ந்திருந்தது. நின்ற கால் நுனியில் தள்ளாடுவதை ரிப்கான் கவனித்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, அண்டைக்குச் சரியாத்தானே எட்டிச்சு?"

"அன்னைக்கு குதிச் செருப்பு போட்டிருந்தேன் நானா."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இதுக்கு மேல பைக்க எறக்கினா எஞ்சின் கல்லுல இடிக்கும். சீட்டுட ரெண்டு ஓரத்தையும் சீவித் தாறன், இன்னும் ஒரு விரல் கிடைக்கும். அது சரி, டவுனுக்கு இப்பிடியேவா வந்தீங்க?"

பஜார் சனம் போய் வந்துகொண்டிருந்தது. சுதர்ஷினி காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. சிமெந்துத் தரையில் நன்றாக ஊன்றி வைத்தாள்.

"ஆமாங்க நானா. நான் நடக்குறது இதுலதான். இதுக்கே அளந்து சீவுங்க."