பீடி அணையும் வரை

வயலில் இறங்கியவன் வேலைக்கு நடுவே வரப்பேறி உட்கார வேண்டுமென்றால் கையில் பீடி இருக்க வேண்டும். கூத்தாநல்லூருக்குத் தெற்கே காயாரோகணத்தின் ஊரில் இதுதான் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை. பத்து மணி வாக்கில் மண்வெட்டியைச் சேற்றில் குத்தி நிறுத்திவிட்டு, "ஐயா, பீடிக்கு ஏறுறோம்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எந்த மிராசும் மறுக்காது. "இடுப்பு விட்டுப்போச்சு, செத்த உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஏன், வீட்டுல போய்ப் படுத்துக்கயேன்" என்று பதில் வரும்.

பதினைந்து வயதில் நாற்றுப் பறிக்கப் போனபோதே காயாரோகணத்துக்கு இது விளங்கிவிட்டது. எல்லோரும் வரப்பில் காலை நீட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் குனிந்த முதுகு நிமிராமல் சேற்றில் நின்றார். மூன்றாம் நாள் ஒரு பீடி கேட்டு வாங்கினார். இருமினார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் உட்கார்ந்திருந்தார். அவர் பீடி பழகியது ருசிக்காக இல்லை, உட்காருவதற்காக. நுரையீரலைப் பிழிந்து காட்டும் விளம்பரங்களில் இதை எவன் காட்டியிருக்கிறான்?

முப்பத்தேழு வருஷம் போனது. இந்த ஆடியில் வலதுகால் பெருவிரல் நுனி கருத்தது. சேற்றுப்புண் என்றுதான் நினைத்தார். அவர் மனைவி நாகம்மாள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டுப் பார்த்தாள். விரல் நெருப்பாய் எரிந்ததே தவிர ஆறவில்லை. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தார்.

"பீடியால ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டு வருதுங்க. பீடி நின்னா கால் நிக்கும். இல்லேன்னா விரல்ல ஆரம்பிச்சு முழங்கால் வரைக்கும் எடுக்க வேண்டி வரும். கொறைச்சுக்கிறேங்கிற பேச்சே கூடாது. சேத்துலயும் எறங்காதீங்க."

"எறங்காம சோறு ஏதுங்க?"

டாக்டரம்மா கருத்த விரலை இன்னொரு தடவை பார்த்தார். "அப்ப அடிக்கடி மேல ஏறி, காலைத் துடைச்சு, உக்காந்துட்டு எறங்குங்க."

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில், மடியிலிருந்த பீடிக்கட்டைக் குப்பைத் தொட்டியில் எறிந்தார் காயாரோகணம்.

பன்னிரண்டாம் நாள், சாரங்கபாணி வயலில் அண்டை வெட்டும் வேலை. வரப்பின் பக்கங்களைச் செதுக்கிச் சேறு அணைக்க வேண்டும். சாரங்கபாணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வெற்றிலைகூடப் போடாதவர். கூட வேலை செய்த வீரமணி குரல் கொடுத்தான். மற்ற இருவரும் அவனோடு ஏறினார்கள். காயாரோகணமும் ஏறி, துண்டால் காலைத் துடைத்தார்.

"ஏம்ப்பா, நீதான் பீடிய விட்டுட்டியாமே?" வரப்பில் நின்றிருந்த சாரங்கபாணி கேட்டார்.

"ஆமாங்கய்யா. பன்னெண்டு நாளாச்சு."

"சபாஷ்! அப்புறம் எதுக்கு ஏறுன?"

கேலி இல்லை. மனிதர் உண்மையாகவே கேட்டார்.

"கால ஆற வெக்கச் சொல்லி டாக்டரம்மா..."

"மத்தியானம் ஆற வெச்சுக்க. இவனுங்க பீடி முடியறதுக்குள்ள அந்த மூலைய முடிச்சுடலாம்ல?"

இறங்கினார். பீடி குடித்த மூன்று பேர் நிழலில் இருந்தார்கள். பீடியை விட்டவர் வெயிலில் வெட்டிக்கொண்டிருந்தார். புண்ணியத்துக்கு இப்படியும் ஒரு கூலி.

இரண்டு நாள் பொறுத்தான் வீரமணி. மூன்றாம் நாள் ஒரு பீடியைப் பற்றவைத்து நீட்டினான். "யண்ணே, சும்மா கையில புடிச்சுக்க. குடிக்கவா சொன்னேன்? உக்கார்றதுக்கு இதுதான் டிக்கெட்டு."

பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சிகரெட் என்றால் கையிலேயே புகைந்துகொண்டிருக்கும். பீடி அப்படியில்லை, இழுக்காவிட்டால் செத்துப்போகும். கங்கு மங்கியது.

"அணையப் போவுது. ஒரே ஒரு இழுப்பு இழுத்து வெச்சுக்கண்ணே."

கை தானாக வாய்க்குப் போனது. உதட்டில் பட இருந்த சமயத்தில், கீழே கருத்த விரல் கண்ணில் பட்டது. பீடியைச் சேற்றில் குத்தினார். 'சுர்' என்றது. உட்கார்ந்தது பாதி, உட்காராதது பாதியாக இறங்கிவிட்டார்.

வீட்டில் சோற்றுத்தட்டை நீட்டிய நாகம்மாள் அவர் கையை மோந்தாள். "என்ன வாடை இது?"

"கையிலதான் புடிச்சேன். வாயில வெக்கல."

"இன்னைக்குக் கையி, நாளைக்கு வாயி, நாளான்னைக்குக் காலு! உக்கார்றதுக்கு ஒங்களுக்கு ஒரு கொள்ளி வேணுமா? கேட்டு உக்கார வாயில்ல?"

அதற்கு மறுநாள் அக்டோபர் இரண்டு. பள்ளிக்கூடத்தில் கிராமசபை. 'புகையிலை இல்லா ஊர்' என்று ஒரு தீர்மானம். பீடியைப் பற்றி எல்லோருக்கும் கருத்து இருந்தது. கடையில தொங்கவே விடக்கூடாது என்றார் ஒருவர். வெலைய ரெண்டு மடங்காக்குங்க என்றார் இன்னொருவர். எல்லாக் கருத்தும் சரிதான். விடுகிறவனுக்கு நாம் என்ன செய்யலாம் என்று ஒரு வாய் கேட்கவில்லை. கடைசியாக சாரங்கபாணி எழுந்தார். "மனசு வெச்சா ஒரே நாள்ல விடலாம். மனசில்லாதவனுக்கு மருந்தே கிடையாது." கைதட்டல்.

மனசாம், மனசு! காயாரோகணத்துக்குக் காதுமடல் சுட்டது. எழுந்தார்.

"நான் மனசு வெச்சு பதினஞ்சு நாளாச்சுங்க. உக்காரத்தான் விட மாட்டேங்கிறாங்க."

கூட்டம் சிரித்தது.

"சிரிக்காதீங்க. தீர்மானத்துல ஒரு வரி சேத்துக்கங்க. பீடி குடிக்காதவனும் பத்து மணிக்கு ஏறி உக்காரலாம்னு."

ஊராட்சிச் செயலர் நெடுஞ்செழியன் பேனாவை மூடினார். "அண்ணே, இது சுகாதாரத் தீர்மானம். நீங்க சொல்றது கூலி வெவகாரம். ரெண்டையும் கலந்து எழுதக் கூடாது."

"ஒடம்பு ஒண்ணுதானப்பா இருக்கு. அதுல எந்தப் பக்கம் சுகாதாரம், எந்தப் பக்கம் கூலி? கோடு போட்டுக் காட்டு."

தீர்மான நோட்டு கையெழுத்துக்காகக் கைக்குக் கை வந்தது. காயாரோகணம் கையெழுத்துப் போடாமல் தள்ளிவிட்டார். "பாத்தியா, விட மனசில்ல. அதான் நழுவுறாரு" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. சொன்னவன் சட்டைப்பையில் ஒரு கட்டு துருத்திக்கொண்டிருந்தது. அவன் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

மறுநாள் பத்து மணி. அதே வயல். வீரமணி குரல் கொடுத்தான். காயாரோகணமும் ஏறினார். காலைத் துடைத்தார். புகை படாத தூரத்தில் உட்கார்ந்து, இரண்டு வெறுங்கைகளையும் ஊரே பார்க்கட்டும் என்று முழங்கால் மேல் விரித்து வைத்துக்கொண்டார்.

சாரங்கபாணி குடையோடு வந்தார். "என்னப்பா, தீர்மானம் போட்ட மறுநாளே வம்பா? பீடிய விட்டவனுக்கு வரப்புல என்ன வேலை? எறங்கு."

"எறங்குறேங்கய்யா. வீரமணி பீடி அணையட்டும்."

"அவன் பீடிக்கும் ஒனக்கும் என்ன?"

"அவன் நேரந்தான் என் நேரமும். புகை மட்டும் அவனுக்கு."

சாரங்கபாணி திரும்பி வீரமணியின் கையைப் பார்த்தார். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததில் அவன் இழுக்க மறந்திருந்தான். "அதான் அணைஞ்சு போச்சே!"

வீரமணி பீடியைப் பார்த்தான். காயாரோகணத்தின் விரலைப் பார்த்தான். மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினான். பீடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்; குச்சி அணைந்தது. இன்னொன்றை உரசினான். அதுவும் அணைந்தது.

"காத்துங்கய்யா" என்றான்.

பக்கத்து நாற்றங்காலில் ஒரு நாற்றின் நுனிகூட அசையவில்லை. பெட்டியில் இன்னும் குச்சிகள் நிறைய இருந்தன. காயாரோகணம் காலை நீட்டி, டாக்டரம்மா சொன்னபடி, ஆற அமர உட்கார்ந்திருந்தார்.